ஒருவருக்கே போகும் டெண்டர்: எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது?



கடந்த ஆண்டு ஷவ்வால் மாதத்தில் ஒரு மாலை, நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும் ஒரு பை நிறையக் காகிதங்களோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார்கள். ஓர் அரசு அலுவலக வளாகத்தில் 9 ஆண்டுகளாகச் சிற்றுண்டிச்சாலை நடத்தி வந்தவர்கள் அவர்கள். காலையில் இட்லி, பொங்கல், மதியம் சாப்பாடு, கூட்டம் நடக்கும் நாட்களில் பொட்டலம். 11 பேர் அவர்களிடம் வேலை பார்த்தார்கள். அதில் 4 பேர் கணவனை இழந்த பெண்கள். அந்த நால்வரில் இருவர் முன்பு நமது மாத உதவித்தொகைப் பட்டியலில் இருந்தவர்கள். வேலை கிடைத்த பிறகு, "எங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று தாங்களாகவே வந்து சொன்னவர்கள்.

அந்த ஆண்டு அலுவலகம் டெண்டரின் அமைப்பையே மாற்றிவிட்டது. 5 வளாகங்களின் சிற்றுண்டிச்சாலை, துப்புரவு, காவல் ஆகிய மூன்று வேலைகளையும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் என்று அறிவித்தது. ஆண்டு வரவு 2 கோடி ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும். மூன்று வேலைகளிலும் முன் அனுபவம் வேண்டும். நம் சகோதரர் நிபந்தனைகளைப் படித்தார். "ஒன்பது வருஷமா நம்ம சாப்பாடு சாப்பிட்டவங்க, விட்டுடவா போறாங்க?" என்று நம்பி, எந்தக் கேள்வியும் கேட்காமல் டெண்டர் போட்டார். முதல் உறையிலேயே தள்ளுபடி ஆனது.

தள்ளுபடிக் கடிதம் கைக்கு வந்ததும் அவர் நம்மிடம் வரவில்லை. தெரிந்த ஒருவர், "நான் பேசிப் பார்க்கிறேன், பொறுங்கள்" என்றார். பொறுத்தார். அலுவலக வாசலில் நான்கு முறை காத்திருந்தார். எங்களிடம் வந்தபோது கடிதம் கிடைத்து 26 நாட்கள் ஆகியிருந்தன. மேல்முறையீட்டுக்குச் சட்டம் தந்த நாட்கள் 10. "கடைசி நாளை யாரும் எங்களுக்குச் சொல்லலையே பாய்" என்று அந்தச் சகோதரி கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

எங்கள் பங்குக் குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் பாத்திரமும் அடுப்பும் வாங்க நமது அறக்கட்டளைதான் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. தவணை ஒழுங்காக வருகிறதா என்று மாதந்தோறும் பார்த்தோம். ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அடுத்த டெண்டர் எப்படி வருகிறது என்று ஒரு முறையும் கேட்கவில்லை. அந்தக் குறையை இனியாவது சரிசெய்வதற்காகவே இந்தப் பாடம். நம் வீடுகளில் சமையல் ஒப்பந்தம், வாகன வாடகை, துப்புரவு, சலவை, வாகன நிறுத்துமிடம் என்று அரசோடு தொழில் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் படிப்பதோடு, வீட்டில் கணக்கு எழுதும் பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சில சொற்கள்

டெண்டர் என்பதை அரசுத் தமிழில் ஒப்பந்தப்புள்ளி என்பார்கள். அதோடு கட்டும் பணம் முன்வைப்புத் தொகை. பெரும்பாலும் இரண்டு உறைகள் இருக்கும். முதல் உறையில் நமது தகுதிச் சான்றுகள், இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே திறப்பார்கள். தேறியவர்களில் மிகக் குறைந்த விலை சொன்னவரை எல்-1 என்பார்கள்.

பொருள் வாங்கும் டெண்டரில் இடம் கொஞ்சம் அதிகம். 100 டன் அரிசி வேண்டுமென்றால் அதை மூன்று பேரிடம் பிரித்து வாங்கலாம். சேவை அப்படியல்ல. ஒரு கட்டடத்தைக் கூட்டுவதற்கு இரண்டு ஒப்பந்ததாரர்களை வைப்பது கடினம். ஒரு சமையலறையில் இரண்டு பேர் அடுப்பு மூட்ட முடியாது. ஆகவே சேவை ஒப்பந்தம் பெரும்பாலும் ஒருவருக்கே போகும். தோற்றவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் அந்த வாசல் மூடியிருக்கும்.

பல வேலைகளைச் சேர்த்து ஒன்றாக்கும்போது இந்தச் சிரமம் பெருகுகிறது. நம் சகோதரரின் சிற்றுண்டிச்சாலையில் ஆண்டு வரவு ஏறக்குறைய 18 லட்சம். அந்த வேலைக்கு மட்டும் டெண்டர் வந்திருந்தால் 2 கோடி ரூபாய் வரவு கேட்பதை யாரும் நியாயம் என்று சொல்லமாட்டார்கள். 5 வளாகங்களையும் 3 வேலைகளையும் சேர்த்த பிறகு அதே 2 கோடி பொருத்தமான நிபந்தனையாகத் தோன்றுகிறது. எனவே நாம் கேள்வி கேட்க வேண்டிய இடம் வரவு நிபந்தனை அல்ல. அதற்கு முன்னால் நடந்த சேர்ப்பு.

ஒன்றையும் மறக்கக் கூடாது. வேலைகளைச் சேர்ப்பது அதனாலேயே சட்டவிரோதம் ஆகிவிடாது. ஒரே பில், ஒரே பொறுப்பாளர், மேற்பார்வை எளிது என்று அலுவலகம் காரணம் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். "நாங்கள் சிறியவர்கள், எங்களுக்கே கொடுங்கள்" என்று கேட்பது கோரிக்கை. "இந்த விதியின்படி இப்படிச் சேர்க்கக் கூடாது" அல்லது "இந்த நிபந்தனைக்கும் இந்த வேலைக்கும் தொடர்பு இல்லை" என்று காட்டுவதே ஆட்சேபம். நீதிமன்றம் இரண்டாவதைத்தான் கேட்கும். இதை இரண்டு வழக்குகளின் மூலம் பார்ப்போம்.

முதல் பாடம்: பம்பாய் விமான நிலையம்

1977 ஜனவரியில், பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த, சர்வதேச விமான நிலைய ஆணையம் டெண்டர் கேட்டது. பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு ஓட்டல்காரராகவும், குறைந்தது 5 ஆண்டு அனுபவம் உள்ளவராகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதிகக் கட்டணம் தர முன்வந்த ஒருவருக்கு ஆணையம் ஒப்பந்தத்தைக் கொடுத்தது. அவர் பல ஆண்டுகள் கேன்டீன் நடத்தியவர்தான். ஆனால் நிபந்தனை சொன்ன அந்தப் பதிவு அவரிடம் இல்லை.

ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு என்ற பெயரில் இது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1979 மே மாதம் தீர்ப்பு வந்தது. அரசும் அரசின் கிளையான அமைப்புகளும் தாங்களே வகுத்த நிபந்தனையைத் தாங்களே மீற முடியாது. ஒருவருக்கு மட்டும் தளர்த்தினால், அந்தத் தளர்வு தெரிந்திருந்தால் போட்டியிட்டிருக்கக்கூடிய மற்றவர்களுக்குச் சம வாய்ப்பு மறுக்கப்படுகிறது என்று நீதிமன்றம் சொன்னது. இன்றுவரை டெண்டர் வழக்குகளில் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு இது.

ஆனாலும் அந்த ஒப்பந்தம் ரத்தாகவில்லை. ஒப்பந்தம் கொடுக்கப்பட்டு ஐந்து மாதங்களுக்கு மேல் கழித்துத்தான் வழக்குத் தொடுக்கப்பட்டது. அதற்குள் ஒப்பந்தம் பெற்றவர் பணம் போட்டுக் கடையை அமைத்துவிட்டார். வழக்குத் தொடுத்தவர் தம் சொந்த அக்கறையில்தான் வந்தாரா, வேறொருவருக்காக வந்தாரா என்ற கேள்வியும் எழுந்தது. சட்டத்தின் கருத்தில் வென்றவர் கையில் ஒன்றும் கிடைக்காமல் திரும்பினார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: தாமதம் நியாயத்தை விழுங்கிவிடும், பாதிக்கப்பட்டவரே தம் பெயரில் நேராக வர வேண்டும்.

இரண்டாம் பாடம்: மகாராஷ்டிரத்து மகளிர் குழுக்கள்

மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சத்துணவு வழங்கும் வேலையைப் பல இடங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் செய்துவந்தன. 2016 மார்ச்சில் அந்த அரசு வெளியிட்ட டெண்டர், 553 திட்டப் பகுதிகளைச் சேர்த்து 70 பெரிய தொகுதிகளாக ஆக்கியது. தொகுதி பெரிதானதும் அதற்கேற்ற பண வரவும் வசதிகளும் கேட்கப்பட்டன. கிராமத்துப் பெண்கள் குழுவால் அந்த வாசற்படியை ஏற முடியவில்லை.

வைஷ்ணோராணி மகளிர் குழு முதலியோர் தொடுத்த வழக்கில் 2019-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த டெண்டரை ரத்துசெய்து, புதிதாக டெண்டர் கேட்கச் சொன்னது. சிறிய குழுக்களை வெளியே நிறுத்திப் பெரிய நிறுவனங்களுக்கு வழிவிடும் வகையில் தொகுதிகளும் நிபந்தனைகளும் அமைந்திருந்தன என்பதே தீர்ப்பின் சாரம்.

இந்தப் பெண்கள் எப்படி வென்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். "நாங்கள் ஏழைகள்" என்பது மட்டும் அவர்களுடைய வாதமாக இருக்கவில்லை. உணவு உரிமை வழக்கில் 2004 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றமே ஓர் உத்தரவு பிறப்பித்திருந்தது. அங்கன்வாடி உணவு வழங்க ஒப்பந்ததாரர்களைப் பயன்படுத்தக் கூடாது. கிராமச் சமூகங்கள், சுய உதவிக் குழுக்கள், மகளிர் மன்றங்கள் வழியாகச் செய்வதே விரும்பத்தக்கது என்பது அந்த உத்தரவு. அரசைக் கட்டுப்படுத்தும் அந்த எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, டெண்டர் அதற்கு மாறாக இருக்கிறது என்று காட்டினார்கள். அப்படியும் தீர்ப்புக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

ஆகவே ஒரு டெண்டர் நம்மை வெளியே தள்ளுகிறது என்று தோன்றினால் முதலில் தேட வேண்டியது, அந்தத் துறையைக் கட்டுப்படுத்தும் விதி, அரசாணை, கொள்கை ஏதேனும் இருக்கிறதா என்பதைத்தான்.

நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

1994-ஆம் ஆண்டின் டாடா செல்லுலார் வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் ஒரு நிலையைத் தொடர்ந்து சொல்லிவருகிறது. யாருக்கு ஒப்பந்தம் கொடுப்பது நல்லது என்று முடிவெடுப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல. முடிவெடுத்த முறை நேர்மையாக இருந்ததா, விதிப்படி நடந்ததா, பாரபட்சம் இருந்ததா என்பதை மட்டுமே அது பார்க்கும். 2006-இல் ஜகதீஷ் மண்டல் வழக்கில் பொதுநலன் பாதிக்கப்பட்டதா என்ற கேள்வியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. தோற்றவரின் மனக்குறையை மட்டும் வைத்துக்கொண்டு அரசு வேலைகளை நிறுத்தக் கூடாது என்றும் பல தீர்ப்புகள் உள்ளன.

அதற்காக நிபந்தனைகளைக் கேள்வி கேட்கவே முடியாது என்பதில்லை. 2025-இல் சத்தீஸ்கர் அரசு, பள்ளிகளுக்கு விளையாட்டுப் பொருட்கள் வாங்கும் டெண்டர் ஒன்றில், அதே மாநில அரசு நிறுவனங்களுக்கு ஏற்கெனவே 6 கோடி ரூபாய்க்குப் பொருள் கொடுத்தவராக இருக்க வேண்டும் என்று கேட்டது. அது பொருளுக்கான டெண்டர்தான். ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும். தகுதியுள்ள மற்றவர்களை வெளியே நிறுத்தும் அந்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. போட்டிக்களம் சமமாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

மூன்று வாசல்கள், மூன்று கெடுக்கள்

இனி நடைமுறைக்கு வருவோம். தமிழ்நாடு அரசுத் துறைகள், உள்ளாட்சி அமைப்புகள், மாநிலப் பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் டெண்டர்களுக்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 பொருந்தும். அதற்கான விதிகள் 2000-ஆம் ஆண்டில் வந்தன.

முதல் வாசல், டெண்டர் போடுவதற்கு முன். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாட்களும் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. உயர் அதிகாரி காரணத்தை எழுதி வைத்துத்தான் அதைக் குறைக்கலாம். எனவே அறிவிப்பு வந்ததும் முதலில் இரண்டு தேதிகளையும் எண்ணிப் பாருங்கள். பிறகு ஆவணத்தில் விளக்கம் கேட்பதற்கான கடைசி நாளையும், முன் கூட்டம் இருந்தால் அதன் நாளையும் பாருங்கள். சேர்ப்பு, வரவு, அனுபவம் பற்றிய எல்லா ஆட்சேபங்களையும் எழுத்தில் தர வேண்டிய நேரம் இதுதான். நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுப் போட்டியிட்டுத் தோற்ற பிறகு, "அந்த நிபந்தனையே தவறு" என்றால் நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்பதில்லை. நம் சகோதரர் இழந்த முதல் வாசல் இதுவே. கேட்டும் பதில் வராமல், நிபந்தனையே சட்டத்துக்கு மாறாக இருந்தால், சென்னை உயர்நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடலாம். அதையும் கடைசி நாளுக்கு முன்பே வழக்கறிஞரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாம் வாசல், உறைகள் திறக்கும் வேளை. திறக்கும் நாளில் டெண்டர் போட்டவர் உடனிருக்கலாம். இணையவழி டெண்டராக இருந்தால் திரையில் பார்க்கலாம். யார் யார் போட்டார்கள், யார் தேறினார்கள், என்ன விலை என்பதை அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாம் தள்ளப்பட்டால் காரணத்தை அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். மத்திய அரசுத் துறைகளுக்கான பொது நிதி விதிகள் 2017, கேட்கும் போட்டியாளருக்குத் தள்ளுபடிக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று தெளிவாகவே கூறுகின்றன.

மூன்றாம் வாசல், முடிவு வந்த பிறகு. தமிழ்நாடு சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, டெண்டரை ஏற்கும் அதிகாரியின் உத்தரவால் பாதிக்கப்பட்ட ஒப்பந்தப்புள்ளிதாரர், அந்த உத்தரவு கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். டெண்டரே போடாதவருக்கு இந்த வழி இல்லை. கடிதம் வந்த நாளைக் கடித உறையின் மேலேயே எழுதி வைப்பது நல்ல பழக்கம். மின்னஞ்சலில் வந்தால் அந்தத் தேதியோடு அச்செடுத்து வையுங்கள்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பதில் வந்த பிறகு மேல்முறையீடு செய்யலாம் என்று காத்திருக்கிறார்கள். தகவல் தர அந்தச் சட்டம் அளிக்கும் அவகாசம் 30 நாட்கள். மேல்முறையீட்டுக் கெடு 10 நாட்கள். மனுவைப் போடுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். கையில் இருப்பதை வைத்து மேல்முறையீடு செய்துவிட்டு, பிறகு கிடைக்கும் தகவலைக் கூடுதல் மனுவாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்குகிறவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி பெறத் தகுதி உடையவர்கள். தொழில் மனைவியின் பெயரில் இருக்கும் வீடுகள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

மத்திய அரசு டெண்டர்களில் சிறியவர்களுக்கு என்ன இடம்?

ரயில்வே, அஞ்சல் துறை, பொதுத்துறை வங்கி, மத்தியப் பொதுத்துறை நிறுவனம் போன்றவற்றின் டெண்டர்களில் 2012-ஆம் ஆண்டு வந்த குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை பொருந்தும். ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் பெண் தொழில்முனைவோருக்கு 3 சதவீதமும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 4 சதவீதமும் உண்டு. டெண்டர் ஆவணம் இலவசம். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை.

ஒருவருக்கே போகும் ஒப்பந்தத்தில் இந்தக் கொள்கை எப்படி வேலை செய்கிறது? ஒரு கணக்குப் பார்ப்போம். எல்-1 ஒரு பெரிய நிறுவனம். விலை 10,00,000 ரூபாய். நமது விலை 11,20,000. எல்-1 விலைக்கு மேல் 15 சதவீதம் வரை, அதாவது 11,50,000 வரை விலை சொன்ன சிறு நிறுவனத்துக்கு, 10,00,000 ரூபாய்க்கு இறங்கிவரச் சம்மதமா என்று கேட்கும் வாய்ப்பு உண்டு. பிரிக்கக்கூடிய பொருளாக இருந்தால் ஒரு பங்கு கிடைக்கும். பிரிக்க முடியாததாக இருந்தால் முழு ஒப்பந்தத்தையும் அந்தச் சிறு நிறுவனத்துக்கே கொடுக்கலாம். ஆனால் 10,00,000 ரூபாயில் ஆட்களுக்குச் சட்டப்படியான கூலி கொடுத்து, தரமாக வேலை செய்ய முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகே சம்மதிக்க வேண்டும். ஆசையில் இறங்கிவிட்டு, கூலியில் கை வைப்பது நமக்கு ஆகாது.

இந்தச் சலுகைக்கு உத்யம் பதிவு வேண்டும். அது இலவசம், இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்கத் தேவையில்லை. வெறுமனே வாங்கி விற்கும் வணிகருக்கும், கட்டுமான வேலை ஒப்பந்தங்களுக்கும் இந்தக் கொள்முதல் சலுகை பொதுவாகக் கிடையாது. மாநில அரசு டெண்டருக்கு இந்த மத்தியக் கொள்கை தானாகப் பொருந்தாது. அங்கே மாநில விதிகளையும் அந்த டெண்டர் ஆவணத்தையும்தான் பார்க்க வேண்டும்.

ஆட்சேபக் கடிதம் எழுதுவது எப்படி?

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆனாலும் அரசு அலுவலகத்தோடு பேசும்போது வாய்ப்பேச்சிலேயே காலத்தைக் கடத்துகிறோம். நம் சகோதரர் அந்த 26 நாட்களில் யாரையெல்லாம் பார்த்தார் என்று சொன்னார். ஒன்றுக்கும் சான்று இல்லை. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இதோ ஒரு மாதிரி:

"பொருள்: தங்கள் அலுவலக ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, நிபந்தனை எண் 7 மற்றும் 9 குறித்து விளக்கம் கோருதல்.

நாங்கள் தங்கள் வளாகத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்திவருகிறோம். இதுவரை தனித்தனியாக அறிவிக்கப்பட்டுவந்த 5 வளாகங்களின் மூன்று சேவைகள் இம்முறை ஒரே ஒப்பந்தமாகச் சேர்க்கப்பட்டுள்ளன. இவற்றைச் சேர்ப்பதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டுகிறோம். உணவுச் சேவைக்குக் காவல் பணி அனுபவம் கோரும் நிபந்தனை எண் 9, உணவுச் சேவையின் தரத்தோடு தொடர்பற்றது எனக் கருதுகிறோம். சேவை வாரியாகவோ வளாகம் வாரியாகவோ ஒப்பந்தப்புள்ளி கோரவும், அல்லது கூட்டாகப் பங்கேற்க அனுமதிக்கவும் வேண்டுகிறோம். ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கும் கடைசி நாளுக்கு முன் பதில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதில் குற்றச்சாட்டு இல்லை, யாரையும் பழிக்கவில்லை. நிபந்தனையின் எண் இருக்கிறது, காரணம் இருக்கிறது, மாற்று வழி இருக்கிறது, பதிலுக்குக் கெடு இருக்கிறது. நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் உரிய நேரத்தில் கேட்டீர்கள் என்பதற்கு அந்த முத்திரை சாட்சி.

செய்யக் கூடாதவை

பிறருடைய அனுபவச் சான்றையோ வரவுச் சான்றையோ இரவல் வாங்கி வைக்காதீர்கள். பொய்ச் சான்று பிடிபட்டால் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பார்கள். பிறகு வேறு அலுவலகங்களின் டெண்டரும் மூடிவிடும். போட்டியாளர்கள் கூடிப் பேசி, "இது உனக்கு, அது எனக்கு" என்று விலை வைப்பது போட்டிச் சட்டம் 2002-இன்படி குற்றம். நம்மவர்களுக்குள் செய்தாலும் குற்றம்தான். "கொஞ்சம் கொடுத்தால் முடிந்துவிடும்" என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது ஹராம் என்பது நாம் அறிந்ததே. அதோடு, கொடுத்தவர் பின்னால் நீதிமன்றத்தில் நேர்மை கேட்டு நிற்கும் தகுதியையும் இழந்துவிடுகிறார்.

ஒவ்வொரு தோல்வியையும் வழக்காக்கவும் வேண்டாம். நமது சான்று ஒன்று குறைந்திருந்தால், நமது விலை உண்மையிலேயே அதிகமாக இருந்தால், அதை ஏற்றுக்கொண்டு அடுத்த முறைக்குத் தயாராவதே மேல். சில வேளைகளில் மூன்று சிறிய தொழில்கள் முறைப்படி கூட்டாகச் சேர்ந்து போட்டியிடுவது நல்ல வழி. ஆவணம் அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இனி நாங்கள் செய்யவிருப்பது

அந்தக் குடும்பம் இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சிறிய மெஸ் ஒன்று நடத்துகிறது. 5 பேருக்குத்தான் வேலை கொடுக்க முடிந்தது. அந்த நான்கு பெண்களில் இருவர் அங்கே இருக்கிறார்கள். மற்ற இருவரின் பெயர் மறுபடியும் நமது உதவித்தொகைப் பட்டியலில் ஏறியிருக்கிறது. அவர்களுக்குக் கொடுக்க அறக்கட்டளையிடம் பணம் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தச் சகோதரிகள் கேட்டது பணம் அல்ல.

எனவே இன்ஷா அல்லாஹ் இந்த மாதம் முதல் சனிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில், ஓய்வு பெற்ற கணக்கு அலுவலர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் அமர்ந்து டெண்டர் ஆவணங்களைப் படித்துச் சொல்வார்கள். கட்டணம் இல்லை. நமது கடன் பெற்று அரசு ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் ஒப்பந்த முடிவுத் தேதிகளையும் இனி நாங்கள் குறித்து வைத்து, மூன்று மாதத்துக்கு முன்பே நினைவூட்டுவோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். டெண்டர் அறிவிப்பைப் பார்த்த மூன்று நாட்களுக்குள் கொண்டுவாருங்கள். இன்று இரவே வீட்டு நாட்காட்டியில் உங்கள் ஒப்பந்தம் முடியும் தேதியைக் குறியுங்கள். அடுத்த டெண்டர் வரும்போது அதனருகில் விளக்கம் கேட்கும் கடைசி நாளையும், முடிவுக் கடிதம் வந்தால் அதிலிருந்து பத்தாவது நாளையும் எழுதுங்கள். எழுதுகிற பொறுப்பை வீட்டில் யாராவது ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அந்த மெஸ் நடத்தும் குடும்பத்தில் அந்தப் பொறுப்பைக் கல்லூரியில் படிக்கும் மகள் ஏற்றிருக்கிறாள். அந்த வளாகத்தின் ஒப்பந்தம் மறுபடியும் எந்த மாதம் டெண்டருக்கு வரும் என்று அவளைக் கேட்டால் நாட்காட்டியைப் பார்க்காமலே சொல்கிறாள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்